ரம்பத்தை எடுக்கும் முன்

1969 ஜூலை 24. பசிபிக் கடலில் நிற்கும் ‘ஹார்னெட்’ விமானந்தாங்கிக் கப்பல். ஒரு வெள்ளிநிறப் பெட்டியின் ஜன்னலுக்கு வெளியே அமெரிக்க அதிபர் நிக்சன் நின்று பேசுகிறார். உள்ளே, நிலவுக்குப் போய் அன்றுதான் கடலில் வந்து இறங்கிய ஆம்ஸ்ட்ராங், காலின்ஸ், ஆல்ட்ரின் மூவரும் அந்த ஒற்றை ஜன்னலில் முகம் காட்டிச் சிரிக்கிறார்கள். உலகமே பார்த்த புகைப்படம் அது. அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

அது ஒரு டிராவல் டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் தயாரித்துவந்த வண்டியின் உடல். நிலவிலிருந்து ஏதாவது கிருமி தொற்றி வந்துவிடுமோ என்ற அச்சத்தில், நாசா அதைத் தனிமைப்படுத்தும் அறையாக மாற்றியமைத்தது. சக்கரங்கள் போயின. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக வைக்கப்பட்டது, வெளியேறும் காற்று வடிகட்டப்பட்டது. மூன்று விண்வெளி வீரர்களும், ஒரு மருத்துவரும், ஒரு பொறியாளரும் அதற்குள் இருந்தபடியே ஹவாய்க்கும் அங்கிருந்து விமானத்தில் ஹூஸ்டனுக்கும் போனார்கள். இப்போது அது வர்ஜீனியாவில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உட்வர்-ஹேஸி மையத்தில் காட்சிக்கு இருக்கிறது.

அந்தப் பெட்டியை ஒருவர் ‘பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன்’ என்று கிளம்பி, வடிகட்டிகளைக் கழற்றி, சக்கரம் மாட்டி, பூப்போட்ட திரைச்சீலை தொங்கவிட்டால் என்ன மிஞ்சும்? ஏர்ஸ்ட்ரீம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நிலவிலிருந்து வந்தவர்களை அடைத்துவைத்த பெட்டி போய்விடும். சில வண்டிகளில் மாற்றம்தான் வரலாறு.

பழைய டிரெய்லர் வைத்திருக்கும் அமெரிக்கர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரு தரப்புக்கு, திருகாணிகூடத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். இன்னொரு தரப்புக்கு, காசு கொடுத்து வாங்கியது என் வண்டி, அதில் ஏசி வேண்டும், குளியலறை வேண்டும், வெள்ளை பெயிண்ட் அடிப்பேன், கேட்க நீ யார்? இரண்டு தரப்பும் சண்டை போடுவது பெரும்பாலும் தோற்றத்துக்காக. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு கேள்வி. இன்றைக்குச் செய்யும் வேலையை, நாற்பது வருடம் கழித்து இந்த வண்டியை வாங்கும் ஒருவரால் திருப்ப முடியுமா?

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் இந்தக் கேள்வியை வெகுநாளாகக் கேட்டுவருகிறார்கள். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்திலிருந்து அந்தச் சிந்தனை வளர்ந்தது. அமெரிக்க உள்துறையின் வழிமுறைகள் பாதுகாத்தல், பயன்பாட்டுக்கு ஏற்பச் சீரமைத்தல், பழைய நிலைக்கு மீட்டல், மறுபடி கட்டுதல் என நான்கு வேலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கின்றன. புதிதாகச் சேர்த்ததைப் பின்னால் எடுத்துவிட்டாலும் பழைய பொருள் பழுதின்றி நிற்க வேண்டும் என்பது அவற்றில் ஒரு விதி. பழைய வாகனங்களுக்கென்றே சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பு உருவாக்கிய டுரின் சாசனமும் இதே வழியில்தான் போகிறது. வீட்டு முற்றத்தில் டிரெய்லரைப் பிரித்துப் போட்டிருப்பவருக்கு இந்தச் சாசனங்கள் எதுவும் தெரியத் தேவையில்லை. அந்த ஒரு கேள்வி தெரிந்தால் போதும்.

விமானக்காரர்களின் கைவேலை

இந்த வண்டிகளுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் பிறந்தது. காரோடு கூடாரத்தையும் டப்பா உணவையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் அவர்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பா, அதுதான் அடையாளம். ஓய்ந்துபோன அந்தச் சங்கத்தைப் பழைய டிரெய்லர் பிரியர்கள் 1998இல் மிச்சிகனில் மீண்டும் தொடங்கினார்கள்.

1934இல் ஹாலி பவுலஸ் ‘ரோடு சீஃப்’ என்ற அலுமினிய டிரெய்லரைச் செய்தார். அவர் கிளைடர் கட்டுபவர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானம் உருவானபோது பட்டறை வேலையை மேற்பார்வையிட்டவர். அவருடைய டிரெய்லருக்குக் கதவு முன்பக்கம், இழுகொக்கிக்கு மேலேயே இருந்தது. வாலி பையம் என்பவர் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936இல் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் அலுமினியம் முழுக்க விமானங்களுக்குப் போனது. போர் முடிந்ததும் காற்று மாறியது. எண்ணெய்ப் பணக்காரர் ஜே. பால் கெட்டியின் கையிலிருந்த, டல்சா நகரத்து ஸ்பார்ட்டன் விமான நிறுவனம் டிரெய்லர் செய்ய இறங்கியது. கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா, பென்சில்வேனியாவில் செர்ரோ ஸ்காட்டி என்று நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் சின்ன வண்டிகளும் வந்தன. ஸ்பார்ட்டன் ஒன்றின் உள்ளே நுழைந்து மரவேலையைப் பார்த்தால், விமானம் கட்டிப் பழகிய கைகள் வீடு கட்ட வந்தபோது எவ்வளவு சிரத்தையோடு வந்தன என்பது புரியும். அதைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்காத விஷயம்.

முதல் எதிரி தண்ணீர்

பழைய டிரெய்லரை அழிப்பது வயது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தண்ணீர்தான் அழிக்கிறது. அது எப்படி நுழைகிறது என்பது வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஐம்பதுகளின் சின்ன வண்டிகள் பலவற்றைக் கட்டிய முறை விசித்திரமானது. முதலில் தரை. அதன் மேல் அலமாரிகள், இருக்கைகள், உட்சுவர்ப் பலகைகள். பிறகு மெல்லிய மரச்சட்டங்கள். கடைசியாக வெளித் தகடு. உள்ளிருந்து வெளியே கட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால் அந்த அலமாரி வெறும் அலமாரி இல்லை. சுவரையும் கூரையையும் தாங்கிப் பிடிக்கும் முட்டு அது. ‘இடம் விசாலமாக இருக்கட்டும்’ என்று அலமாரியைப் பிடுங்குபவர், தெரியாமலே தூணைப் பிடுங்குகிறார். நெடுஞ்சாலையில் ஓடும்போது கூண்டு முறுக்கிக்கொள்ளும், மூலைப் பொருத்துகள் விரியும், மழை உள்ளே இறங்கும்.

மூலைகளில் தகடுகள் சேரும் இடத்தை ஒரு பட்டை மூடியிருக்கும், அதற்கடியில் பட்டி. சில பத்தாண்டுகளில் பட்டி காய்ந்து வெடித்துவிடும். ஒவ்வொரு திருகாணித் துளையும் ஒரு கசிவு. நீர் மரச்சட்டத்தில் ஊறி, கீழே இறங்கி, பின்சுவரின் அடியில் தேங்கும். வெளியே தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே விரலை வைத்து அழுத்தினால் மரம் ஈரக் கேக்காகப் பிதுங்கும். இதன் மேல் புதுப் பலகை ஒட்டி, இளம்பச்சை பெயிண்ட் அடித்து, கொடித்தோரணம் கட்டிப் படம் எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றியமைப்பதா மீட்பதா என்ற விவாதத்துக்கே வராத வேலை அது. வாங்குகிறவருடைய குழந்தைகள் அந்தச் சுவருக்குள் தூங்கப் போகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே மூடி மறைப்பதை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏர்ஸ்ட்ரீமின் கதை வேறு. வெளித் தகடு, விலாச் சட்டங்கள், உள் தகடு மூன்றும் ரிவெட்டால் ஒன்றாகி விமான உடல்போல எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கூடு முழுவதும் ஓரத்தில் ப்ளைவுட் தரையைக் கவ்வி, இரும்புச் சேஸிஸோடு போல்ட்டால் சேர்கிறது. பின்பக்கம் கசிந்து ப்ளைவுட் இற்றுப்போனால், கவ்வுவதற்கு ஒன்றும் இருக்காது. உடல் ஒரு பக்கம், சேஸிஸ் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். எழுபதுகளில் வந்த, குளியலறையும் கழிவுநீர்த் தொட்டியும் பின்னால் வைத்த நீள வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். பின் பம்பரில் ஏறி நின்று பாருங்கள். பம்பர் கீழே போய் உடல் அங்கேயே நின்றால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டிய நேரம் அது.

உள் தகட்டை எடுத்துவிட்டு மரப்பலகை அடித்தால் அழகாக இருக்கும் என்று பலர் செய்கிறார்கள். அந்த உள் தகடும் பலத்தின் பங்காளி. வயரிங்குக்காகவோ எலி நாசம் செய்த பஞ்சை எடுக்கவோ கழற்றினால், அதே இடத்தில் மறுபடி ரிவெட் அடிக்க வேண்டும். வெளித் தகட்டில் அசல் மாதிரி ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் தட்ட, உள்ளே இன்னொருவர் கனத்த இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். பொறுமையான வேலை. கற்றுக்கொள்ள முடிந்த வேலைதான்.

கண்ணாடியாக மின்ன வேண்டுமா?

ஏர்ஸ்ட்ரீம் என்றால் முகம் தெரிய மின்னுவது என்று ஆகிவிட்டது. அறுபதுகளில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டிகளுக்கு மேலே நிறமற்ற காப்புப் பூச்சு இருந்தது, மினுமினுப்பு மிதமாகத்தான் இருந்தது. கண்ணாடிப் பளபளப்பு பின்னால் வந்த ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் எதன் மேல் தேய்க்கிறோம் என்று தெரிய வேண்டும். பழைய வண்டிகளின் தகடு ‘ஆல்கிளாட்’ வகை. நடுவில் உறுதியான உலோகக்கலவை, இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய படலம். அரிப்பை எதிர்ப்பதும் பளபளப்பதும் அந்தப் படலம்தான். தகட்டின் தடிமன் சுமார் 0.8 மில்லிமீட்டர் என்றால், படலம் அதில் ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது 0.04 மில்லிமீட்டர். மென்மையான பாலிஷை அது தாங்கும். உப்புத்தாளும் அரைக்கும் சக்கரமும் சில நிமிடங்களில் அதைத் தின்றுவிடும், திரும்ப வராது. நம் கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு கல்வெட்டு எழுத்துகளை மழுக்கியதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தேய்ப்பதில் போகும் இன்னொன்றும் உண்டு. 1955இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த வாலி பையம் கேரவன் சங்கத்தின் உறுப்பினர்கள், தங்கள் எண்ணைப் பெரிய சிவப்பு இலக்கங்களில் வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்வார்கள். பழைய வண்டியில் அந்த எண் இருந்தால், யார் வைத்திருந்தார்கள், எந்தப் பயணத்தில் போனார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க வழியுண்டு. பையம் 1959இல் சுமார் 40 டிரெய்லர்களைத் திரட்டிக் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவை நீளவாட்டில் கடந்தவர். அப்படிப் போன வண்டி ஒன்றின் எண்ணைப் பாலிஷ் சக்கரம் அழித்துவிட்டால், அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1966 முதல் 68 வரை வந்த வளைந்த கார்னிங் கண்ணாடி ஜன்னல்களும் அப்படித்தான். உடைந்தால் மாற்றுக் கிடைப்பது குதிரைக்கொம்பு. மற்ற வேலை எதுவும் தொடங்கும் முன் அவற்றை மூடிப் பாதுகாப்பது நல்லது.

மரச்சுவர்களில் நடக்கும் நாசம் இதைவிட அதிகம். ஐம்பதுகளின் வண்டிகள் பலவற்றில் பிர்ச் ப்ளைவுட்டின் மேல் அரக்கு பூசியிருந்தார்கள், தேன் நிறம் வரும். உலகச் சந்தைக்கு அந்தக் காலத்தில் அரக்கைப் பெருமளவில் தந்தது இந்தியா. சோட்டா நாக்பூர்க் காட்டு மரங்களில் பூச்சிகள் சுரந்தது, கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பத்தின் விடுமுறை வீட்டுச் சுவரில் மின்னியது. அரக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. புதுப் பூச்சு பழையதைச் சற்றே கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். கீறலையும் வெளிறலையும் அழுக்கு நீக்கி, கொஞ்சம் ஸ்பிரிட், கொஞ்சம் அரக்கு கொண்டு சரிசெய்யலாம். அதன் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டால், மரத்தின் ரேகைக்குள் இறங்கிய வெள்ளையை முழுக்க எடுப்பது மிகக் கடினம். உள்ளே இருட்டாக இருக்கிறது என்றால் விளக்கை மாற்றுங்கள், மெத்தை உறையை வெளிர் நிறத்தில் தையுங்கள். உறை அடுத்தவருக்குப் பிடிக்காவிட்டால் கழற்றிப் போடலாம்.

தயங்காமல் மாற்ற வேண்டியவை

இதுவரை கையைக் கட்டிப்போடும்படியே சொல்லிவிட்டேன். அசலைக் காப்பது என்ற பெயரில் உயிரோடு விளையாடக் கூடாத இடங்களும் இருக்கின்றன. அங்கே அசல்வாதிகளோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன்.

பழைய வயரிங்கில் எர்த் இல்லாத இரண்டு கம்பிகள்தான் பெரும்பாலும் இருக்கும். காப்பு உரிந்த ஒரு கம்பி உலோக உடலைத் தொட்டால், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிப்பவருக்கு ஷாக். 120 வோல்ட் போதும் ஆளைக் கொல்ல. வயரிங்கை முழுக்கப் புதிதாக இழுங்கள். புது விநியோகப் பெட்டி வைக்கும்போது வீட்டில் செய்வதுபோல நியூட்ரலையும் எர்த்தையும் டிரெய்லருக்குள் சேர்க்கக் கூடாது. தெரிந்த எலக்ட்ரீஷியனும் தடுக்கி விழும் இடம் இது.

புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். பழைய ரெகுலேட்டரையும் குழாயையும் மாற்றி, அழுத்தச் சோதனை செய்யாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. கேஸ் விளக்குகள் அழகானவை. சுவரிலேயே இருக்கட்டும், குழாயைத் துண்டித்து அடைத்துவிடுங்கள். பழைய கேஸ் ஃப்ரிட்ஜ் கார்பன் மோனாக்ஸைடு கக்கக்கூடியது, அதைக் கண்டறியும் கருவி இல்லாமல் உள்ளே ஓர் இரவும் படுக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலிருந்தாலும் வயதான டயர் வெடிக்கும். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஏர்ஸ்ட்ரீம் பயன்படுத்திய ஆக்சிலில் ஸ்பிரிங்குக்குப் பதில் இரும்புக் குழாய்க்குள் ரப்பர் கம்பிகள். வருடக்கணக்கில் நின்றே கிடந்தால் ரப்பர் இறுகிவிடும். பிறகு சாலையின் ஒவ்வொரு குழியும் நேரே உடலுக்குப் போய் ரிவெட்டுகளைத் தளர்த்தும். புது ஆக்சில் போடுவது பழைய உடலைக் காப்பாற்றும் வேலை. பிரேக்கும், வண்டி கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்சும் அப்படியே.

பிரிக்கும்போதும் கவனம் தேவை. 1978க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய தரை ஓட்டில் கல்நார் இருக்கலாம். எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். 1993இல் தென்மேற்கு அமெரிக்காவில் ஆட்களைக் கொன்ற ஹாண்டா வைரஸ் அங்குள்ள மான்எலிகளின் கழிவுத் தூசியில் பரவுவது. முதலில் பிளீச் கரைசலால் நனைத்து, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும்.

லூசியின் கற்கள்

1954இல் வின்சென்டி மின்னெலி இயக்கத்தில் ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற படம் வந்தது. லூசில் பாலும் டெசி அர்னாஸும் புதுமணத் தம்பதி. போகும் ஊரிலெல்லாம் மனைவி கல் பொறுக்கி டிரெய்லருக்குள் சேர்க்கிறாள். மலைப்பாதையில் அந்தக் கனத்தோடு ஏறும் காட்சியில் தியேட்டர் சிரித்திருக்கும். எனக்கு அந்தக் காட்சி ஒரு பாடமாகவே படுகிறது, ஏனென்றால் இன்றைக்கும் அதே கல்லை ஏற்றுகிறார்கள், கிரானைட் மேடை என்ற பெயரில். மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோ. 16 அடி ஏர்ஸ்ட்ரீம் ‘பாம்பி’யின் மொத்த எடையே அறுபதுகளில் ஒரு டன்னுக்குள். அதன்மேல் வீட்டு ஃப்ரிட்ஜ், செராமிக் ஓடு, கூரையில் ஏசி, பின்னால் தண்ணீர்த் தொட்டி. ஓடும் வண்டியின் தரை வளைந்து கொடுக்கும், ஓடு வெடிக்கும் என்பது சின்னக் கஷ்டம்.

பெரிய ஆபத்து எடை எங்கே உட்காருகிறது என்பதில். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுகொக்கியில் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்து அது குறைந்தால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஒரு லாரி கடந்து போகும் காற்று போதும், அந்த ஆட்டம் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். பெயிண்ட் நிறத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், வேலை முடிந்த வண்டியை ஓர் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதில்லை. வேலை நடக்கும்போதே இரண்டு மூன்று தடவை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

வசதியைத் துறக்கச் சொல்லவில்லை. பழைய ஐஸ்பெட்டியின் கதவையும் கைப்பிடியையும் அப்படியே விட்டு, உள்ளே 12 வோல்ட் ஃப்ரிட்ஜைப் பொருத்தலாம். பழைய விளக்குக் கூட்டுக்குள் எல்ஈடி பல்பு. கூரையில் ஏற்கெனவே இருக்கும் 14 அங்குலச் சதுரத் திறப்பிலேயே புது மின்விசிறி. சூரியத் தகட்டைக் கூரையில் துளையிட்டுப் பூட்டாமல், நிறுத்திய இடத்தில் தரையில் விரித்துவைக்கலாம். கழிவறை இல்லாத சின்ன வண்டிக்கு, தரையை அறுத்துத் தொட்டி தொங்கவிடுவதைவிட, தூக்கிக்கொண்டு போகும் கழிவறை எவ்வளவோ மேல்.

தேநீர்க்கடை நடத்த ஏர்ஸ்ட்ரீமின் பக்கவாட்டில் விலாச் சட்டங்களை அறுத்துப் பெரிய ஜன்னல் வைப்பது இப்போது அமெரிக்கா முழுக்க நடக்கிறது. ஏற்கெனவே உள்ளே குடைந்தெடுக்கப்பட்டு, தகடு நசுங்கி, வயலில் கிடந்த வண்டி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு இன்னொரு வாழ்க்கை கிடைக்கட்டும். அப்படிப்பட்ட கூடுகள் நிறையக் கிடைக்கின்றன. பலகையும் அடுப்பும் அரக்கும் அப்படியே இருக்கும் ஒரு வண்டியை அறுப்பதுதான் கொடுமை. பழைய தோற்றம் வேண்டும், உள்ளே எல்லாம் புதிது வேண்டும் என்பவர்களுக்கு அதற்கான வண்டியே இருக்கிறது. ஷாஸ்டா பெயரில் 1961 ‘ஏர்ஃப்ளைட்’ வடிவத்தை 2015இல் மறுபடி தயாரித்து 1,941 வண்டிகள் விட்டார்கள், நிறுவனம் பிறந்த 1941ஐ நினைவில் வைத்து. அலங்காரச் சிறகு உட்பட அதே முகம். அதை வாங்கி விருப்பப்படி மாற்றிக்கொண்டால், உலகத்தில் ஓர் அசல்கூடக் குறையாது.

கடைசியாகக் குறிப்பேடு. பிரிக்கும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். விளக்கின் அடித்தட்டைக் கழற்றினால், மூலைப் பட்டையைப் பெயர்த்தால், வெயில் படாத அசல் நிறம் தெரியும். அதைப் பதிவுசெய்த பிறகே சுரண்டுங்கள். கழற்றிய கைப்பிடி, குமிழ், கீல் எதையும் எறியாமல் பெயரெழுதிப் பெட்டியில் போடுங்கள். இற்றுப்போன பலகையையும் புதுப் பலகை வெட்டி முடியும் வரை அச்சாக வைத்திருங்கள். வயர் எந்தப் பாதையில் போகிறது, தரை எந்த இடத்திலிருந்து புதிது, ஆக்சில் எவ்வளவு எடை தாங்கும், எடைமேடையில் கொக்கிக்கு எவ்வளவு வந்தது என்று எழுதி, வண்டியை விற்கும்போது சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். வரிசை எண் பொறித்த தகட்டை மட்டும் பாலிஷுக்காகக்கூடக் கழற்ற வேண்டாம். உரிமைப் பத்திரத்தோடு ஒத்துப்பார்க்க அந்த எண் தேவை. அது தொலைந்தால் வண்டியைப் பதிவுசெய்வதே பெரும்பாடு.